பின்னறை அடுப்பு

“ஏணியை விடுடி.”

“விடமாட்டேன் அத்தை. கூரை நனைஞ்சு கெடக்கு, நீங்க—”

“எம்மகனைக் கூப்பிட எனக்கு எவ உத்தரவும்—”

“—பொணத்தைப் பாத்தீங்களா? உங்க கண்ணால பாத்தீங்களா?”

“—வேண்டாம். விடுன்னா விடு.”

இரண்டு பேச்சும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்தன. ஏணியின் அடிக்கட்டையை யோன்சில் கட்டிப் பிடித்திருந்தாள். இரண்டாம் படியில் ஒரு காலை ஊன்றியிருந்த மாமியார், மருமகளின் விரல்களை நகத்தால் கீறிக் கீறிப் பிரித்துக்கொண்டிருந்தாள். மாமியாரின் தோளில் அவள் மகனின் வெள்ளைச் சட்டை தொங்கியது. இழுபறியில் யோன்சிலின் கை அதில் மாட்டிக்கொள்ள, கழுத்துப்பட்டி இடது பக்கம் சர்ரென்று கிழிந்தது. கிழிந்த சத்தத்தில் யோன்சிலின் பிடி ஒரு கணம் தளர்ந்தது. அந்த ஒரு கணம் மாமியாருக்குப் போதும். ஏறிவிட்டாள்.

செத்தவன் கடைசியாக உடுத்திக் கழற்றிய சட்டையை, துவைக்காமல், வியர்வையோடு எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏற வேண்டும். வடக்கே பார்த்து அதை வீசி மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்டால் உயிர் பாதி வழியிலிருந்து திரும்பினாலும் திரும்பும், திரும்பாவிட்டால்தான் அவன் பிணம். ஆண்பிள்ளைகள் செய்கிற காரியம் அது. இந்த வீட்டில் எந்த ஆண்பிள்ளையை நீ ஒளித்து வைத்திருக்கிறாய், வரச் சொல், அவன் ஏறட்டும் என்று மாமியார் காலையில் ஏளனமாகக் கேட்டபோது, யோன்சிலின் கையிலிருந்த அகப்பை நழுவிக் கொதிக்கிற கஞ்சியில் விழுந்தது.

அவள் புருஷன் கிதோக் சாகவில்லை.

சந்தைநாளில் ஊரே இரண்டு கைகளையும் தூக்கி, நாடு வாழ்க என்று ‘மான்செ, மான்செ’ கூவிய இடத்தில், ஜப்பான்காரனின் ராணுவப் போலீஸ் வரிசையாக மண்டியிட்டுச் சுட்டது. கை தூக்கியவர்கள் தூக்கியபடியே விழுந்தார்கள். உப்புக்கடைக்காரனுக்குத் தாடை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை, அப்போதும் அவன் கூவப் பார்த்தானாம். விழுந்தவர்களை மாட்டுவண்டியில் வாரிக் குன்றடியில் ஒரே குழியில் தள்ளிச் சுண்ணாம்பு கொட்டினார்கள். தாய்மார்கள் பிணத்தைக் கேட்டுப் போலீஸ் சாவடி வாசலில் புரண்டுகொண்டிருந்தார்கள். மாமியாரும் அவர்களோடு அங்கே கிடந்த இரவில்தான் கிதோக் தோளில் குண்டோடு வரப்பில் ஊர்ந்து வீட்டுக் கொல்லைக்கு வந்து சேர்ந்தான்.

அன்றிலிருந்து பின்னறைத் தரைக்கு அடியில் இருக்கிறான்.

அந்த ஊரில் எல்லா வீட்டிலும் ஒவ்வொரு அறைக்கும் வெளியே, இறவாரத்தின் கீழ், ஓர் அடுப்பு உண்டு. அதில் மூட்டிய தீயின் சூடும் புகையும் தரைக்கல்லின் கீழே கல்வாய்க்கால்களில் ஓடி, மறுகோடியில் ஒரு குழியில் சுருண்டு, புகைக்கூண்டு வழியாக மேலே போகும். எண்ணெய்க் காகிதம் ஒட்டிய தரை அடுப்பங்கல் மாதிரி கதகதக்கும். அந்த மறுகோடிக் குழியைத்தான் கிதோக் பனிக்காலத்தில் ஓர் ஆள் முடங்கும் அளவுக்கு அகலப்படுத்தியிருந்தான். கொடி அச்சடிக்கும் மரக்கட்டையையும் அடித்த கொடிகளையும் வைக்க அவனுக்கு இடம் வேண்டியிருந்தது. தெருப் பையன்கள் அத்தனை பேரும் அந்தப் பின்னறையில் கூடி, மூச்சை அடக்கிக்கொண்டு கொடி அச்சடித்தார்கள். நாடு நாடு என்கிறாயே, அது என்ன தட்டில் போட்டுத் தின்கிற சோறா என்று மாமியார் கேட்பாள். சோறு இல்லம்மா, சோற்றை எவன் அள்ளிக்கொண்டு போகிறான் என்று கேட்கிற வாய் என்பான் அவன். இப்போது கொடிகள் இருந்த குழியில் அவனே முழங்காலை மடக்கிக் கிடந்தான். பின்னறை வாய்க்கால் இடிந்துவிட்டது, புகை உள்ளே அடிக்கிறது, யாரும் அந்த அடுப்பை மூட்டக் கூடாது என்று யோன்சில் சொல்லி வைத்திருந்தாள். சீழ் நாற்றத்தை மறைக்கப் புளித்த சோயா உருண்டைகளை அந்த அறை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

குழிக்குள் இறங்கும்போது அவன் சொன்னது அவள் காதிலேயே தங்கிவிட்டது.

“என்னை உசிரோட குடுத்துடாதே. சாவடிக்குள்ள போய்ட்டு வந்தவன் வெரலைப் பாத்திருக்கேன், ஒரு ராத்திரிக்கு மேல நான் தாங்கமாட்டேன். மலைமேல ஒளிஞ்சிருக்கிற பசங்க பேர் அத்தனையும் என் வாயிலதான் இருக்கு. அம்மாகிட்டயும் சொல்லாதே. அவளை அடிச்சா சொல்லமாட்டா. என்னைப் பத்தி ரெண்டு நல்ல வார்த்தை பேசினா போதும், கொட்டிடுவா.”

இப்போது அந்த அம்மாதான் கூரைமேல் நின்றாள். மேகம் கவிந்த பிற்பகல், ஈர வைக்கோல் வாடை. தெருவில் எந்த வீட்டிலும் கதவு திறந்திருக்கவில்லை. நாய்கூட குரைக்கவில்லை. கிழிந்த கழுத்துப்பட்டி காற்றில் தனியாக அடித்துக்கொள்ள, மாமியார் சட்டையை வீசினாள்.

“கீழ்க்கரை ஹான் கிதோக்! திரும்பி வா!”

செத்தவனைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று யோன்சிலுக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறவனைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அப்படிச் செய்தவர்கள் யாரும் இல்லை. உடம்புக்குள் இருக்கிற உயிர், பேர் கேட்டதும், எங்கிருந்து எங்கே திரும்பும்?

“ஹான் கிதோக்! திரும்பி வா!”

மூன்றாவது தடவை குரல் உடைந்து, பாதி அழுகையாகப் போய்க் குன்றில் மோதிற்று. அது அடங்கும் முன்பே வீட்டுக்குள்ளிருந்து, மண்ணுக்கு அடியிலிருந்து, மிக மெல்ல ஒரு குரல் வந்தது.

“வர்றேன்.”

அவள் ஓடினாள். பின்னறைக் கதவைச் சாத்தி, மூலையில் எண்ணெய்க் காகிதத்தை உரித்து, கல்லைப் புரட்டினாள். நாற்றம் முகத்தில் அடித்தது. சோயாவும் சீழும் கரியும் கலந்த நாற்றம். உள்ளே இரண்டு கண்கள் திறந்திருந்தன. அவளைத்தான் பார்த்தன, ஆனால் அவளுக்குப் பின்னால் உயரத்தில் எதையோ பார்ப்பது போல இருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது, வாய் சிரித்தது.

“யாரு கூப்பிட்டா?”

“யாரும் கூப்பிடல. சும்மா இருங்க.”

“அம்மா கூரைமேல நின்னு என் சட்டையை ஆட்டறா. கழுத்துப்பட்டி கிழிஞ்சு தொங்குது, இடது பக்கம்.”

குழிக்குள்ளிருந்து கூரை தெரியாது. வானமே தெரியாது. சட்டை கிழிந்து ஒரு கஞ்சி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

கூப்பிட்டால் போக வேண்டும், போகாமல் இருக்க முடியாது என்று அவன் குழந்தை மாதிரி சொல்லிக்கொண்டே எழப் பார்த்தான். காயம்பட்ட தோள் கல்லில் இடித்ததுகூட அவனுக்கு உறைக்கவில்லை. ‘அம்மா’ என்று அவன் வாய் பெரிதாகத் திறந்தபோது அவள் உள்ளங்கையால் அடைத்தாள். அவன் கடித்தான். பல் சதையில் இறங்கி நின்றது. அவள் கையை எடுக்கவில்லை.

அப்போதுதான் தெருக்கோடியில் தாழ்ப்பாள்கள் விழுகிற சத்தம் கேட்டது. முதலில் கோடி வீடு, அடுத்து பக்கத்து வீடு, பிறகு எதிர் வீடு. அவற்றுக்கு நடுவே பூட்ஸ்.

அவள் யோசிக்கவில்லை. மார்ச்சட்டையின் முடிச்சு நாடாவைப் பிய்த்தாள். பாவாடை ஓரத்தைப் பல்லால் கிழித்துச் சுருட்டி அவன் வாய்க்குள் திணித்து, நாடாவால் இறுகக் கட்டினாள். மிச்சத் துணியில் மணிக்கட்டு இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். அவன் எதிர்க்கவில்லை. கட்டி முடிக்கும்வரை சிரித்த கண்களோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்லை மூடினாள், காகிதத்தைத் தடவி ஒட்டினாள். கையிலிருந்து சொட்டிய ரத்தத்தைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

மாமியார் அதற்குள் இறங்கி, நனைந்த சட்டையைக் கூரையிலேயே விட்டுவிட்டு, வாசலுக்கு வெளியே மூன்று கிண்ணம் சோறும் மூன்று ஜோடி வைக்கோல் செருப்பும் வைத்திருந்தாள். உயிரைக் கூட்டிப் போக வருகிற எமதூதர்கள் மூவர். அவர்கள் வயிறு நிறைந்தால் வழியில் மகனை அடிக்கமாட்டார்கள்.

மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் மீசை வைத்த சார்ஜன்ட், ஒருவன் கத்தி செருகிய துப்பாக்கியோடு சிப்பாய், மூன்றாமவன் ப்யோ. அந்த ஊர் செருப்புத் தைப்பவனின் மகன், ஜப்பான்காரனுக்கு உதவிப் போலீஸ்காரனாகப் போனவன். அவன்தான் கிண்ணங்களின் முன்னால் குந்தினான்.

“மூணு கிண்ணம். நாங்களும் மூணு பேரு. எமன் வீட்டு ஆளுங்களுக்கு வெச்சதா, எங்களுக்கா பெரியம்மா?”

“ரெண்டும் ஒண்ணுதானே” என்றாள் மாமியார்.

ப்யோ சிரித்தான். ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இத்தனை நாள் பிணத்தைக் கொடுங்கள் என்று எங்கள் வாசலில் கிடந்தீர்கள், இன்றைக்குத் திடீரென்று உயிரைக் கூப்பிடுகிறீர்கள், அப்படியானால் பிணம் கிடைத்துவிட்டதா? அது கிடைக்காமல் கூரை ஏறுகிற வழக்கத்தை அவன் கேள்விப்பட்டதில்லை. சார்ஜன்டுக்கு இந்த வழக்கமே தெரியாது. ப்யோவுக்குத் தெரியும், அவனும் இந்த மண்தான்.

பிணம் இல்லை, மனசு பொறுக்காமல் கூப்பிட்டோம் என்றாள் யோன்சில். சொல்லி முடிப்பதற்குள் துப்பாக்கியின் பின்கட்டை கன்னத்தில் விழுந்தது. வாய்க்குள் ஏதோ உதிர்ந்து நாக்கில் உருண்டது. விழுந்தவளின் முதுகில் இன்னொன்று, விலாவில் பூட்ஸ். மாமியார் குறுக்கே வந்து சிப்பாயின் முழங்கையைப் பிடித்துத் தொங்கினாள். அவன் உதறியதில் ஜாடி மேடையில் போய் விழுந்தாள். பிறகு அவர்கள் தேட ஆரம்பித்தார்கள். ஜாடிகளைக் கட்டையால் இடித்தார்கள். மூன்று வருஷத்துச் சோயாச் சாறு கறுப்பாக முற்றத்தில் பெருகி, கிடந்தவளின் முடியை நனைத்துக்கொண்டு ஓடியது. மெத்தைகளைக் குத்தினார்கள், பெட்டியைப் பிளந்தார்கள், பரண் காகிதத்தைக் கிழித்தார்கள். கோழிக்கூட்டுக்குள் கத்தியை விட்டுக் குடைந்து வெளியே எடுத்தபோது முனையில் ஒரு கோழி சிறகடித்துக்கொண்டிருந்தது. சிப்பாய் அதைச் சுவரில் அறைந்தான்.

பின்னறைக்குள் சார்ஜன்டும் சிப்பாயும் பூட்ஸோடு ஏறினார்கள். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரில் இரண்டு குத்துக் குத்திவிட்டு இறங்கினார்கள். ப்யோ கடைசியாக வந்தான். வாசற்படியில் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினான். துணியுறை போட்ட காலைத் தரையில் வைத்தான்.

வைத்தவன் அப்படியே நின்றான்.

“இந்த அறை மட்டும் ஏன் இப்படிப் பனிக்கட்டியா இருக்கு?”

வாய்க்கால் இடிந்துவிட்டது, புகை அடிக்கிறது என்று யோன்சில் ரத்தத்தை விழுங்கிக்கொண்டு சொன்னாள். அங்கேதான் மாமியாரின் வாய் திறந்தது. இடிந்ததா? தன் புருஷன் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் பார்த்துப் பதித்த வாய்க்கால் இடியுமா? இவள் சோம்பேறி, விறகு வெட்ட உடம்பு வணங்காதவள், அதற்கு இந்தச் சாக்கு. மழையில், குழியில், சுண்ணாம்பில் கிடந்துவிட்டு இன்றைக்கு என் பிள்ளை வீட்டுக்கு வருகிறான், அவன் படுக்கிற அறையை இப்படியா ஆறப்போட்டு வைப்பாள் ஒருத்தி?

“நான் மூட்டறேன் அத்தை. நீங்க உக்காருங்க, நான்—”

“நீ மூட்டின லட்சணம் தெரியும்.”

“ஈர விறகு, புகை—”

“ஏத்துங்க பெரியம்மா” என்றான் ப்யோ. “நாங்களும் நனைஞ்சுதான் வந்திருக்கோம்.” பிறகு யோன்சிலிடம், தலையை லேசாக அசைத்து, “நீ இங்க வா. என் எதிர்ல உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். தரை ஜில்லென்று இருந்தது. எதிரே ப்யோ சம்மணம் போட்டு, முழங்கால்களில் கைகளை ஊன்றி, அவள் முகத்தை மட்டும் பார்த்தான். வேறெங்கும் பார்க்கவில்லை. கதவருகே சிப்பாய். வெளியே இறவாரத்தடியில் மாமியார் சருகை அள்ளித் திணிக்கிற ஓசை, தீக்குச்சி உரசல், அவள் வாயால் ஊதுகிற நீண்ட மூச்சு கேட்டன. பொருமிக்கொண்டே ஊதினாள். ஈரச் சுள்ளி சீறியது. பிறகு பிடித்துக்கொண்டது. சடசடவென்று பைன் கட்டைகள் வெடித்தன.

ஒரு வார்த்தை போதும். கல்லைத் தூக்குங்கள் என்ற ஒரு வார்த்தை. அவன் வெளியே வருவான், மூச்சு விடுவான். இருட்டுவதற்குள் அவனைச் சாவடியில் தலைகீழாகக் கட்டுவார்கள். விடிவதற்குள் மலைமேல் இருக்கிற பையன்கள் ஒவ்வொருவராக அவன் வாயிலிருந்து வெளியே வருவார்கள். என்னை உயிரோடு கொடுத்துவிடாதே.

அவள் கண்களை ப்யோவின் சட்டைப் பொத்தானில் வைத்தாள்.

சூடு வாசல் பக்கத்திலிருந்து வந்தது. முதலில் ஒரு நினைப்பு மாதிரி. பிறகு வியர்வை மாதிரி. கல்லின் அடியில் காற்று ஓடும் முணுமுணுப்பு. அடுப்பு இழுத்தது, வாய்க்கால் நன்றாகவே இழுத்தது. அவள் தொடைக்குக் கீழே கதகதப்பு பரவி அவளைத் தாண்டி மூலையை நோக்கிப் போயிற்று.

எங்கோ ஒரு கட்டை வெடித்தது.

பிறகு வெடித்தது கட்டை இல்லை.

டொக்.

ப்யோவின் புருவம் அசைந்தது.

டொக். டொக்.

தரைக்கு அடியிலிருந்து. மூலையிலிருந்து. மணிக்கட்டு இரண்டையும் சேர்த்துக் கட்டியவன் கல்லில் இடிக்க என்ன வைத்திருப்பான். முழங்கால். இல்லை, நெற்றி.

வாயில் துணி இருந்தது. அவள் பாவாடைத் துணி. அவள் கட்டிய முடிச்சு.

ப்யோ மெல்லக் காலை மடக்கித் தரையிலிருந்து தூக்கிக்கொண்டான். அவன் முகம் தவிட்டு நிறமாகிவிட்டது. தேட வந்த போலீஸ்காரன் அந்த முகத்தில் இல்லை. கூரையில் பேர் கேட்டு வளர்ந்த செருப்புக்காரன் மகன்தான் இருந்தான். கீழே இருப்பது ஆளா, வந்திருப்பது அதுவா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அதை அவள் முகத்தில்தான் படிக்கப் பார்த்தான். பெண்டாட்டி பயந்தால் அது பேய். பதறினால் அது ஆள். யோன்சில் இரண்டும் செய்யவில்லை. வாய்க்குள் உடைந்த பல்லை நாக்கால் திருப்பிப் போட்டாள். மறுபடி திருப்பிப் போட்டாள். கடிபட்ட உள்ளங்கையைத் தரையில் அழுத்தினாள். தரை சுட்டது.

டொக் டொக் டொக் டொக்.

என்ன சத்தம் என்று வெளியே சார்ஜன்ட் தன் பாஷையில் கேட்டான். ப்யோவின் கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. மூலையில் எண்ணெய்க் காகிதத்தின் ஓரம் மெல்ல உப்பியது. இறங்கியது. உப்பியது. அதன் விளிம்பிலிருந்து நூல்போலப் புகை எழுந்து, தொங்குகிற சோயா உருண்டைகளுக்கு இடையே நின்றது. அதில் பைன் வாசனையோடு இன்னொரு வாசனையும் இருந்தது. மயிர் பொசுங்குகிற வாசனை.

சத்தம் விட்டுவிட்டு வந்தது. இடைவெளி நீண்டது.

கதவில் மாமியார் நின்றாள். முகமெல்லாம் சாம்பல், கையில் கரிந்த ஊதுகுழல். காதைச் சாய்த்துக் கேட்டாள். ஊதுகுழல் விழுந்தது. சிப்பாயைத் தள்ளிக்கொண்டு வந்து, முழங்காலிட்டு, மூலைத் தரையில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்து, கன்னத்தையும் வைத்தாள். சூடு பொறுக்காமல் தோல் சிவந்தது. அவள் எடுக்கவில்லை. கண்ணீர் வழிந்து காகிதத்தில் விழுந்த இடத்தில் சுர்ரென்று காய்ந்தது. சந்தைநாளிலிருந்து அவள் முகத்தில் இல்லாத ஒன்று இப்போது வந்திருந்தது. சிரிப்பு.

டொக்.

அந்தச் சிரிப்போடு தலையைத் திருப்பி, புகைக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்துச் சொன்னாள்:

“கேட்டியா, வந்துட்டான். கூப்பிட்டதும் வந்துட்டான். உன்னைக் கூப்பிட்டுத்தான் தட்டறான் மருமகளே, ஒரு வார்த்தை பதில் சொல்லேன் அவனுக்கு.”